ஹெட்டிக்காக

தொலைபேசி ஒலித்தபோது ஹெட்டி உருளைக்கிழங்கு வறுவலின் மேல் வினிகர் தெளித்துக்கொண்டிருந்தாள். அம்மா சட்டென்று எழுந்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் அப்படித்தான். பக்கத்து வீட்டில் தொலைபேசி ஒலித்தால்கூட எழுந்துவிடுவாள்.

"நீ சாப்பிடு," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியே போனாள்.

ஹெட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொடியில் ஆடிய தலையணை உறைகளுக்கு நடுவே அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. பேச்சு இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. முடிந்த பிறகும் அம்மா அங்கேயே நின்றாள். நன்றாகக் காய்ந்திருந்த ஒரு காலுறையை எடுத்தாள். அதையே மறுபடியும் கொடியில் மாட்டினாள்.

ஹெட்டியின் அம்மா லின்சி டாட்ஸ், லாப்விங்ஸ் அணியின் வேகப்பந்து வீச்சாளர். லாப்விங் என்றால் ஆட்காட்டிக் குருவி. வடக்கே ஐந்து கவுண்ட்டி மாவட்டங்களுக்கும் சேர்த்து இருந்த ஒரே பெண்கள் கிரிக்கெட் அணி அதுதான். நான்கு வருடங்களுக்கு முன்புவரை லின்சி பிளைத் ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுத்துவந்தாள். மாலையில் மட்டும் பந்து வீசுவாள். பிறகு லாப்விங்ஸ் அவளை முழுநேரமாக எடுத்துக்கொண்டது. கிரிக்கெட் ஆடுவதே வேலை! ஹெட்டியின் வகுப்பில் வேறு யாருடைய அம்மாவுக்கும் அப்படி ஒரு வேலை இல்லை.

இப்போது அந்த அணியையே கலைக்கப்போகிறார்கள். அடுத்த வருடத்திலிருந்து வட்டார அணிகள் கிடையாது. பெரிய கவுண்ட்டிகள் தாங்களே பெண்கள் அணிகளை நடத்தும். தங்களுக்கு யார் வேண்டுமோ அவர்களை மட்டும் கூப்பிடும். அந்தச் செப்டம்பரில் ஆட்டக்காரிகள் எல்லோரும் அந்த ஒரு அழைப்புக்குத்தான் காத்திருந்தார்கள்.

அம்மா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரும்மா?" என்று கேட்டாள் ஹெட்டி.

அம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "தெற்கேயிருந்து ஒரு கவுண்ட்டி," என்றாள். "என்னைக் கூப்பிட்டாங்க."

ஹெட்டி கையிலிருந்த முள்கரண்டியைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுந்தாள். "அம்மா! நிஜமாவா?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"ஏன்னா? அது இங்கேருந்து அஞ்சு மணி நேரம். உன் ஸ்கூல் இங்க இருக்கு. உன் சிநேகிதங்க இங்க இருக்காங்க. உன்ன விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? சாப்பிடு, ஆறிடப் போகுது."

ஹெட்டி சாப்பிட்டாள். வறுவல் ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

மறுநாளே செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. அம்மாதான் சொன்னாள். மாமாவிடம் சொன்னாள், மீன்கடையில் சொன்னாள், பள்ளி வாசலில் நின்ற எல்லோரிடமும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி முடித்தாள்: "ஹெட்டிக்காக விட்டுட்டேன்."

உடன் படிக்கும் டெக்லனின் அம்மா ஹெட்டியின் கன்னத்தைக் கிள்ளினாள். "குடுத்து வச்சவ நீ. உங்கம்மா உனக்காக எவ்வளவு பெரிய விஷயத்தை விட்டிருக்காங்க! இனிமேலாவது கணக்கை ஒழுங்காப் போடு."

டெக்லனுக்கு அது போதாதா? வகுப்பில் ஹெட்டியின் பின்னால்தான் அவன் உட்காருவான். அளவுகோலால் அவள் முதுகைக் குத்தினான்.

"ஏய், உன்னாலதான் உங்கம்மா கிரிக்கெட்டை விட்டாங்களாமே?"

"வாயை மூடுடா."

"நான் சொல்லல. எங்கம்மா சொன்னாங்க. உங்கம்மாவும் சொன்னாங்க."

அதுதான் கஷ்டம். அவன் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஹெட்டி மிக நல்ல பெண்ணாக மாறினாள். சொல்லாமலே படுக்கையை மடித்தாள். சொல்லாமலே குப்பையை வெளியே வைத்தாள். இரண்டு நாள் குப்பை வண்டி வராத கிழமையில் வைத்தாள். அவளுக்குப் பிடிக்காத மசித்த பட்டாணியை ஒரு கரண்டி மிச்சம் வைக்காமல் தின்றாள். ஒரு நாள் அம்மாவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். கெண்டியில் தண்ணீர் கொதிக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. அம்மாவும் கவனிக்கவில்லை. அந்தப் பச்சைத்தண்ணீர்த் தேநீரைச் சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தாள்.

அம்மா மாறிவிட்டாள். காலையில் ஓடப் போவதில்லை. யாராவது பேசினால் பாதியில் எழுந்து போனாள்.

வியாழக்கிழமை பாத்திரம் கழுவும்போது ஹெட்டியின் கையிலிருந்து ஒரு கோப்பை நழுவி உடைந்தது.

"அதக்கூட ஒழுங்காக் கழுவத் தெரியாதா?" என்று கத்தினாள் அம்மா. "உனக்காக எல்லாத்தையும் விட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். உனக்கு ஒரு கப்பைப் பிடிக்கத் தெரியல!"

சொல்லி முடித்ததும் அம்மாவே திடுக்கிட்டுப் போனாள். குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். ஹெட்டியும் பொறுக்கினாள். 

அப்போதுதான் ஹெட்டி முடிவு செய்தாள். அம்மா போகட்டும். தான் இங்கேயே இருந்துகொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் காரெத் மாமா வீட்டுக்குப் போனாள். மாமா பேருந்து ஓட்டுநர். அவர் காலணியைக் கழற்றிவிட்டுச் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"மாமா, அம்மா ஊர்ல இல்லேன்னா நான் உங்க வீட்டுல இருக்கலாமா?"

"எத்தனை நாளு?"

"ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரைக்கும்." கிரிக்கெட் பருவம் முழுவதும்.

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். "இந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு பூனை இருக்கு. அதுவே என்னை மதிக்கறதில்ல. நீ வேறயா?"

"நான் மதிப்பேன் மாமா."

"சமைப்பியா?"

"தேநீர் போடுவேன்."

"உன் தேநீரப் பத்தி எனக்குத் தெரியும்," என்றார் மாமா. பிறகு எழுந்து உட்கார்ந்தார். "இரு, தாராளமா இரு. மாடி அறை சும்மாதான கிடக்கு. ஆமா, எதுக்குக் கேக்கற?"

"அப்புறம் சொல்றேன்," என்று ஓடிவிட்டாள் ஹெட்டி.

ஞாயிற்றுக்கிழமை லாப்விங்ஸின் கடைசி ஆட்டம். அணியின் பயிற்சியாளர் பெவ் ஹெட்லிக்கு எல்லாக் கவுண்ட்டிகளிலும் ஆட்களைத் தெரியும். அவரிடம் சொன்னால் போதும். அவர் ஒரு வார்த்தை பேசினால் அந்தக் கவுண்ட்டி மறுபடியும் அம்மாவைக் கூப்பிடாதா என்ன?

அன்று காலை மைதானத்தில் நூற்றைம்பது பேர்கூட இல்லை. பெரிய மைதானத்தில் ஆண்கள் ஆட்டம் இருந்ததால், பெண்களின் கடைசி ஆட்டத்தை ஊருக்கு வெளியே ஒரு கிளப் மைதானத்துக்கு மாற்றியிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேய்ந்தன. வந்தவர்கள் மடக்கு நாற்காலியும் போர்வையும் சூடான தேநீர்க் குடுவைகளும் கொண்டுவந்திருந்தார்கள். நாய்களும் வந்திருந்தன.

ஆடும் பதினொருவர் பட்டியலை உடைமாற்றும் கட்டடத்தின் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஹெட்டி அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு கீழிருந்து மேல்வரை படித்தாள். அம்மாவின் பெயர் இல்லை.

அம்மாவின் இடத்தில் ஹஃப்ஸாவின் பெயர் இருந்தது. ஹஃப்ஸாவுக்குப் பத்தொன்பது வயது. பிராட்ஃபோர்ட் ஊர்க்காரி. அவளை ஒரு பெரிய கவுண்ட்டி எடுத்துக்கொண்டுவிட்டது. அவள் வீசுவதைப் பார்க்க அந்தக் கவுண்ட்டியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்.

ஹஃப்ஸா அம்மாவிடம் தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, இன்னைக்கு நீங்க ஆடியிருக்கணும். நான் பெவ்கிட்ட சொன்னேன்..."

"அழுது கிழுது வைக்காத," என்றாள் அம்மா. "போடி, போய் ஒழுங்காப் பந்து போடு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஹஃப்ஸா போனதும் அந்தச் சிரிப்பு நின்றது. அம்மா மஞ்சள் மேலங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டில்களை நிரப்பப் போனாள். பன்னிரண்டாவது ஆளின் வேலை அதுதான்.

லாப்விங்ஸ் முதலில் ஆடி இருநூற்றுப் பதினொன்று எடுத்தது. இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பெவ் மட்டும் கட்டடத்துக்குப் பின்னால், தரையைச் சமப்படுத்தும் உருளைக்கல் மேல் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. பேசினாலே மைதானத்தின் மறுமுனைக்குக் கேட்கும்.

"என்ன கண்ணு, சாப்பிடலையா?"

ஹெட்டி மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்: "பெவ் ஆன்ட்டி, அந்தத் தெற்குக் கவுண்ட்டிகிட்ட அம்மா வரேன்னு சொல்லிடுங்க. நான் மாமா வீட்டுல இருந்துப்பேன். மாமாகிட்ட கேட்டுட்டேன். மாடி அறை காலியாத்தான் இருக்கு. நான் அழ மாட்டேன். என்னாலதான் அம்மா வேண்டாம்னு சொன்னாங்க. இனிமே என்னால ஒரு தடையும் இல்ல."

பெவ் மெல்லுவதை நிறுத்தினார். "எந்தக் கவுண்ட்டி?"

"ஃபோன் பண்ணாங்களே. போன வியாழனுக்கு முந்தின வியாழன். சாயங்காலம் நாங்க சாப்பிடும்போது."

பெவ்வின் முகம் மாறியது. அவர் சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றினார். மிக மெதுவாகச் சுற்றினார்.

"அந்த ஃபோன் நான் பண்ணது, கண்ணு," என்றார் கடைசியில். அவ்வளவு சின்னக் குரல் அவருக்கு உண்டு என்று ஹெட்டிக்குத் தெரியாது. "எல்லாக் கவுண்ட்டியும் பட்டியல் அனுப்பியாச்சு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அம்மா பேரு?"

பெவ் இல்லையென்று தலையை ஆட்டினார். "எதுலயும் இல்ல." உடனே தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, நான் உளறிட்டேன். உங்கம்மா உன்கிட்ட வேற ஏதோ சொல்லியிருக்கா, இல்ல?"

ஹெட்டி மேலே கேட்க நிற்கவில்லை. திரும்பி நடந்தாள்.

முதலில் உடம்பே லேசான மாதிரி இருந்தது. அப்படியானால் தன்னால் இல்லை! தான் ஒன்றுமே செய்யவில்லை! பத்தடி நடப்பதற்குள் கோபம் வந்தது. டெக்லனின் அளவுகோல் நினைவுக்கு வந்தது. உடைந்த கோப்பை நினைவுக்கு வந்தது. பத்து நாட்களாகத் தின்ற பட்டாணி முழுவதும் நினைவுக்கு வந்தது. அம்மாவைக் கண்டதும் எல்லோர் முன்னாலும் கத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. அம்மா எல்லைக் கயிற்றோரம் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு பெண்மணி, இரண்டு சிறுமிகளுடன் நின்றார். சிறுமிகளின் கையில் தொப்பியும் பேனாவும் இருந்தன.

"அடுத்த வருஷம் எந்த டீம்ல ஆடப்போறீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி. "நாங்க வந்து பாக்கணும்."

அம்மா நிமிர்ந்தாள். ஹெட்டி வருவதைப் பார்த்தாள். "ஒரு டீம்ல கூப்பிட்டாங்க," என்றாள். "ஆனா என் பொண்ணு இருக்கா பாருங்க. இவளுக்காக..."

ஹெட்டி வாயைத் திறந்தாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் மேலங்கி அவளுக்கு மிகப் பெரியதாக இருந்தது. பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஹெட்டியின் வகுப்பில், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர்கள் ஆசிரியரை அப்படித்தான் பார்ப்பார்கள். ஹெட்டியும் அப்படிப் பார்த்ததுண்டு.

கத்த நினைத்த வார்த்தைகள் எல்லாம் நாக்கில்தான் இருந்தன. ஹெட்டி அவற்றை விழுங்கினாள். ஆனால் 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை.

"எங்கம்மா லாப்விங்ஸுக்காக எழுபத்தொரு விக்கெட் எடுத்திருக்காங்க," என்றாள். "கையெழுத்து வாங்கிக்கோங்க. தொப்பியைத் திருப்பிப் பிடிச்சா எழுத நல்லா இருக்கும்."

"எழுபத்தொண்ணா!" என்றாள் சின்னவள்.

அம்மா கையெழுத்துப் போட்டாள். இருவர் தொப்பியிலும் ஒரு முறை, சின்னவள் கேட்டதால் அவள் கையில் இன்னொரு முறை. அவர்கள் போகும்வரை ஹெட்டி காத்திருந்தாள்.

"அம்மா," என்றாள். "பெவ் ஆன்ட்டிகிட்ட பேசினேன். அந்தக் கவுண்ட்டியில உன்ன மறுபடி கூப்பிடச் சொல்லிக் கேட்டேன்."

அம்மாவின் கையிலிருந்த பாட்டில் சாய்ந்து தண்ணீர் அவள் காலணியில் கொட்டியது.

"யாரு உன்னப் போகச் சொன்னா?" என்றாள் அம்மா. 

"யாரும் சொல்லல."

"எதுக்குப் போன?"

"நீ போகணும்னுதான்," என்றாள் ஹெட்டி. "இனிமே என் பேரைச் சொல்லாதம்மா. வேற எது வேணும்னாலும் சொல்லிக்கோ."

அம்மா பதில் சொல்வதற்குள் மைதானத்திலிருந்து சத்தம் வந்தது. ஹஃப்ஸா தரையில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தசை பிடித்துக்கொண்டது. அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார்கள்.

"லின்சி!" என்று பெவ்வின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "உள்ள போ!"

அம்மா மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். மாற்று ஆளாகப் போகிறவர் பந்து வீச முடியாது. ஓடிப் பிடிக்கலாம், தடுக்கலாம், அவ்வளவுதான். அம்மாவை எல்லைக் கோட்டருகே, ஆடுகள் மேய்ந்த பக்கம் நிறுத்தினார்கள்.

ஆட்டம் நீண்டது; கடைசியில் எதிரணிக்கு இன்னும் இருபத்தாறு ஓட்டங்களே வேண்டியிருந்தன. ஹெட்டி கயிற்றோரம் போய் நின்றாள். பிடிக்க ஒரு பந்து வரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். உயரமாக, அம்மாவின் தலைக்கு நேராக ஒரே ஒரு பந்து.

வரவில்லை. பந்துகள் எல்லாம் மறுபக்கமே போயின. ஒருமுறை மட்டும் உருண்டு உருண்டு அம்மாவிடம் ஒன்று வந்தது. அம்மா ஓடிவந்து மண்டியிட்டு எடுத்து எறிந்தாள். ஒரு ஓட்டம். லாப்விங்ஸுக்காக லின்சி டாட்ஸ் தொட்ட கடைசிப் பந்து அதுதான். யாரும் கைதட்டவில்லை. எட்டுப் பந்துகள் மீதம் இருக்கும்போது எதிரணி வென்றது.

பிறகு கைகுலுக்கினார்கள், படம் எடுத்தார்கள், பலர் அழுதார்கள். யாரோ கொண்டுவந்த கேக்கில் லாப்விங் பறவையை வரைந்திருந்தார்கள். பார்ப்பதற்குக் கோழி மாதிரி இருந்தது.

வீடு திரும்பும்போது இன்னும் நல்ல வெளிச்சம். அம்மா வண்டி ஓட்டினாள். இருபது நிமிடம் போயிருக்கும். பிறகு சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினாள்.

"யாரும் கூப்பிடல, ஹெட்டி," என்றாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "ஒருத்தர்கூடக் கூப்பிடல."

"தெரியும்மா."

"பெவ் சொல்லி முடிச்சதும் உள்ள வந்தேன். 'நான் யாருக்கும் வேண்டாம்'னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? அது வாயில வரல. வேற ஒண்ணு வந்துடுச்சு. அதுக்கப்புறம் அத நிறுத்த முடியல."

"நிறுத்தியிருக்கலாம்," என்றாள் ஹெட்டி.

அம்மா ஹெட்டி பக்கம் திரும்பினாள். "ஆமா. நிறுத்தியிருக்கலாம். எல்லாத்தையும் உன் தலையில போட்டுட்டேன்."

"பத்து நாளு பட்டாணி தின்னேன். ஒரு நாளுகூட நீ கவனிக்கல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. ஹெட்டி அவளைத் தடுக்கவில்லை. தன் சட்டைக் கையை நீட்டினாள். வண்டியில் வேறு துணி இல்லை. அம்மா அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சீ! அம்மா!"

"நீதானே நீட்டின?"

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளி வாசலில் வழக்கம்போல் அம்மாக்கள் கூட்டமாக நின்றார்கள். டெக்லனின் அம்மா இவர்களைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள்.

"கடைசி ஆட்டம் முடிஞ்சுபோச்சாமே, லின்சி! அந்தத் தெற்கு டீமுக்காவது போயிருக்கலாம் நீ. பாவம், இந்தப் பொண்ணுக்காக..."

"இல்ல," என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அம்மாவின் காதுமடல்கள் சிவந்தன.

"அது பொய். என்னை யாரும் கூப்பிடல. நானும் காத்துக்கிட்டுதான் இருந்தேன். யாருக்கும் நான் வேண்டாம். ஹெட்டிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வெட்கமா இருந்துச்சு, அதான் அவ பேரச் சொல்லிட்டேன்."

 ஒருத்தி தன் பையில் எதையோ தேடினாள். டெக்லனின் அம்மா வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே," என்றாள். டெக்லன் ஹெட்டியைப் பார்த்தான், தன் காலணியைப் பார்த்தான், பிறகு உள்ளே போய்விட்டான்.

மணி அடித்தது. கூட்டம் கலைந்தது. அம்மா மட்டும் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். 

"போ, ஹெட்டி. நேரமாச்சு."

ஹெட்டி போகவில்லை. அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். அம்மா கதவை விடும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

அன்றைய வருகைப் பதிவேட்டில் ஹெட்டி டாட்ஸ் என்ற பெயருக்கு நேரே 'தாமதம்' என்று எழுதினார்கள். காரணம் கேட்டபோது ஹெட்டி, "ஒரு முக்கியமான வேலை இருந்துச்சு, மிஸ்," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.